ரிஜெக்ட் பாய் ஒட்டிய சிவப்பு அம்புகள்

ரிஜெக்ட் பாய் வாய் திறந்து ஒரு பொருளை 'நல்லா இருக்கு' என்று சொன்னதைக் கேட்டவர் தாராவியில் ஒருவரும் கிடையாது. பிரியாணி, புதுச் சட்டை, பிறந்த குழந்தை என்று எதைக் காட்டினாலும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். பிரியாணியைத் திருப்பினால் அடிப்பிடித்திருக்கும். சட்டையைத் திருப்பினால் நூல் தொங்கும். குழந்தையைத் திருப்பியபோது முதுகில் மச்சம் இருந்தது. அந்தத் தாய் அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. பௌர்ணமி நிலாவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நடுவுல கறை. பின்பக்கம் எந்த லட்சணத்துல இருக்கோ" என்று கவலைப்பட்ட மனிதர் அவர்.

அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பிழைப்பு அப்படி. தோல் பைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பட்டறை எங்களுடையது. அதில் அவர் செக்கர், நான் பேக்கிங். தைத்து முடித்த பை அவர் மேஜைக்கு வரும். அதன் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். உள்பக்கத்தை வெளியே இழுத்து, விளக்குக்கு அடியில் பிடித்து, விரலால் தடவிக்கொண்டே போவார். "முகத்தை எவனும் பளபளன்னு வச்சிருப்பான். திருப்பிப் பாருலே" என்பார். எங்கேயாவது தையல் விட்டிருந்தால் போச்சு. சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, அம்பின் முனை கோளாறைத் தொடுகிற மாதிரி ஒட்டிவிடுவார். ஒரு அம்பு என்றால் ரீ-ஒர்க், பிரித்துத் தைக்க வேண்டும். ஐந்து அம்பு என்றால் ரிஜெக்ட். அம்பே இல்லாத பை மட்டும்தான் என் கைக்கு வந்து கப்பல் ஏறும். அவர் புண்ணியத்தில் எனக்குப் பாதி நாள் வேலையே இருக்காது.

ரிஜெக்ட் ஆன பைகளை வேறு யாரும் சீண்ட மாட்டார்கள். எல்லாம் பாயின் அறைக்குப் போய்விடும். அவர் குடும்பம் கடையநல்லூரில். இங்கே ஒண்டியாக ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், இருந்தார். அந்தப் பத்துக்குப் பத்து கோலியில் அரிசி ஒரு பையில், வெங்காயம் ஒரு பையில், தொழுகைத் தொப்பி ஒரு பையில், செருப்பு ஒரு பையில். எதிலும் அம்பை உரிக்க மாட்டார். ஏன் பாய் என்று கேட்டால், "எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாது. அதுக்காவ தூரப் போட முடியுமா? நாமளே வச்சுக்கிட வேண்டியதுதான்" என்று பதில் வரும்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு. மற்றவர்கள் குர்லாவுக்குப் போய் சொந்தக்காரர்களைப் பார்ப்பார்கள், அல்லது தூங்குவார்கள். பாய் ஜும்மா முடிந்ததும் டாக்டர்களைச் செக் பண்ணக் கிளம்பிவிடுவார். உடம்புக்கு ஒன்றும் கிடையாது. முதல் தடவை கேள்விப்பட்டபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"எதுக்கு பாய் இந்த வேலை?"

"ஏலே, பைக்கு ஒரு செக்கர் இருக்கான். பெல்ட்டுக்கு ஒரு செக்கர் இருக்கான். மனுசனை ஊசியால குத்துதானே ஒருத்தன், அவனுக்கு யாருலே செக்கர்?"

யோசித்துப் பார்த்தால், அவனுக்கு இன்றைக்கும் செக்கர் கிடையாது.

எங்கள் சந்தில் இரண்டு கிளினிக்குகள் இருந்தன. ஒன்று புதுசு. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் சிரிக்கும் குழந்தைப் படம். அதைக் கண்ணாடி கிளினிக் என்போம். இன்னொன்று பழசு. கீழே மாவு மில், மேலே ஒரு பலகை அறை. செங்குத்தான இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அங்கே இருந்தவர் ஒரு மராட்டி அம்மாள். வருஷக்கணக்காக எங்கள் ஆட்களைப் பார்த்துப் பார்த்துத் திருநெல்வேலித் தமிழ் கற்றுக்கொண்டவர், முக்கியமாகத் திட்டுவதற்கு. அவர் ஏணி டாக்டர்.

பாயின் சோதனை முறை எளிமையானது. உள்ளே போய், "வலது முழங்கால் வலிக்கு" என்று சொல்லிக்கொண்டே இடது முழங்காலைத் தடவுவார். அவ்வளவுதான். மற்றதை டாக்டர் செய்ய வேண்டும்.

கண்ணாடி கிளினிக்கிலிருந்து திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"என்ன பாய், டாக்டர் எப்படி?"

"எட்டு மாத்திரை கொடுத்தான். ஒரு ஊசி. ஒரு களிம்பு."

அடுத்த வெள்ளி ஏணியில் ஏறி இறங்கி வந்தார்.

"இங்க என்ன கொடுத்தாங்க?"

"ஒண்ணும் கொடுக்கல. எந்தக் காலுவேன்னு கேட்டா. ரெண்டையும் மடக்கிப் பாத்தா. 'ஒரு கோளாறும் கெடையாது, எந்திரிச்சுப் போரும், வெளிய புள்ளைக காய்ச்சலோட நிக்கி'ன்னு வெரட்டி விட்டுட்டா."

எட்டு மாத்திரை கொடுத்தவர் ஒருவர், வெறுங்கையோடு விரட்டியவர் ஒருவர். எது உசத்தி என்று பாய் சொல்லவில்லை. பையை நீட்டும்போது கூட அவர் வாயால் தீர்ப்புச் சொல்வது கிடையாது, அம்பு சொல்லும். நான் என் புத்திக்கு எட்டியபடி, கண்ணாடி கிளினிக்தான் தாராளம் என்று வைத்துக்கொண்டேன்.

அதற்கேற்ற மாதிரி ஒரு காரியம் நடந்தது. கண்ணாடி கிளினிக் வாசலில் எங்கள் பட்டறையின் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். உள்ளே கவுன்டரை நோக்கி ஒன்று. கவுன்டரிலிருந்து ஊசித் தட்டை நோக்கி ஒன்று. குப்பைக் கூடைக்கு ஒன்று. கடைசி அம்பு நேராக டாக்டர் நாற்காலிக்கு. மொத்தம் ஐந்து. அம்பு பையில் இருந்தால் கோளாறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சுவரில் இருந்தால் அது வழி. அப்படித்தான் எனக்குத் தோன்றியது, சந்தில் இருந்த அத்தனை பேருக்கும் தோன்றியது. இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் வந்தவர்கள் அம்பைப் பிடித்துக்கொண்டே போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டே வாரத்தில் அங்கே டோக்கன் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏணியில் ஒரே ஒரு அம்பு. மூன்றாவது படிக்குப் பக்கத்தில், கைப்பிடிக் கம்பியில், கீழ்நோக்கி. ஏறப் போனவர்கள் அதைப் பார்த்துவிட்டு, 'கீழே' என்று புரிந்துகொண்டு மாவு மில்லுக்குள் நுழைந்தார்கள். "டாக்டரம்மா இங்க வந்துட்டாங்களா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்டால் மில்காரர் என்ன செய்வார்? முதலில் கத்தினார். பிறகு அலுத்துப்போய், வருகிறவர்களிடம் நாக்கை நீட்டச் சொல்லி, கஞ்சி குடிக்கச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். அதில் இரண்டு பேருக்குக் குணமும் ஆகிவிட்டது.

இந்தக் குழப்பத்துக்கு நானும் கைகொடுத்தேன். பாய் ஒரு நாள் போனை நீட்டி, இதில் டாக்டர்களுக்கு ஸ்டார் போடலாமாமே, நமக்கும் போட்டுக் கொடு என்றார்.

"கண்ணாடி கிளினிக்குக்கு எத்தனை பாய்?"

விரலை மடக்கி எண்ணினார். "அஞ்சு."

அஞ்சு அமுக்கினேன். "ஏணி டாக்டருக்கு?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"நல்லாப் பாத்துட்டேம்லே. ஒண்ணுதான். மூணாவது படி."

படிக்கும் ஸ்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒன்று அமுக்கினேன். பெரியவர் சொன்னால் செய்துவிட வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு இருமல் பிடித்தது. தோல் தூசி, பசை நாற்றம், எல்லாருக்கும் இருக்கிற இருமல்தான் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆகியும் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சரி என்று பாயின் ஐந்து ஸ்டாரையும் ஐந்து அம்பையும் நம்பி, அம்பு காட்டிய வழியே போய் கண்ணாடி கிளினிக்கில் உட்கார்ந்தேன். டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே, "சளியா?" என்று இந்தியில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எழுதிவிட்டார். எட்டு மாத்திரை, ஒரு ஊசி. முழங்காலுக்குக் களிம்பு என்றால் இருமலுக்குச் சிவப்பு சிரப். மூன்று வாரம் தொடர்ந்து போனேன். சிரப் பாட்டில்கள் சேர்ந்தன, நான் இளைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் கரென்ட் போனது. முப்பது தையல் மிஷினும் ஒரே நேரத்தில் நின்றால் காது அடைத்த மாதிரி ஒரு அமைதி வரும். அந்த அமைதியில் பாய் தலையைத் தூக்கினார்.

"ஏலே, அது என்ன சத்தம்?"

"எது பாய்?"

"உன் உள்ள இருந்து வருது. இங்க வா. திரும்பு."

திரும்பினேன். என் முதுகில் காதை வைத்தார். விரலால் அங்கங்கே தட்டினார். பைக்குத் தட்டுகிற அதே தட்டு. மூச்சை இழு என்றார், விடு என்றார். வலது தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் காது வெகுநேரம் நின்றது. அப்புறம் 'சர்ர்' என்று ஸ்டிக்கர் உரிகிற சத்தம் கேட்டது. என் சட்டை முதுகில் ஒரு அம்பு.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒன்றரை மாசம் இருக்கும். டாக்டர்கிட்ட போய்க்கிட்டுத்தான் இருக்கேன்."

"எந்த டாக்டரு?"

"நீங்க அம்பு போட்டு, அஞ்சு ஸ்டார் கொடுத்த டாக்டர்தான்."

பாயின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கையிலிருந்த ஸ்டிக்கர் தாளை மேஜையில் போட்டார்.

"கூறு இருக்காலே உனக்கு? அஞ்சு அம்புன்னா என்ன?"

"ரிஜெக்ட்."

"அப்ப அங்க எதுக்குலே போன?"

"ஸ்டாரும் அஞ்சு சொன்னீங்களே பாய்."

"அஞ்சு கோளாறு, அஞ்சு ஸ்டாரு. கணக்குச் சரியாத்தானே இருக்கு."

எனக்குத் தலை சுற்றியது. அது காய்ச்சலாலா, கணக்காலா என்று தெரியவில்லை. வாசலுக்கு ஒன்று, ஏனென்றால் நோயாளி உள்ளே வரும் முன்னே காசைக் கேட்கிறார்கள். ஊசித் தட்டுக்கு ஒன்று, அது திறந்து கிடக்கிறது. இப்படியே கடைசி அம்பு வரைக்கும் பாய் ஒவ்வொன்றாக விளக்கினார். டாக்டர் நாற்காலி அம்புக்குக் காரணம், அதில் இருப்பவர் தலை நிமிர்வதில்லை. ஏணி டாக்டரிடம் அவர் கண்டுபிடித்த ஒரே குறை மூன்றாவது படி ஆடுவது. "அதுவும் அவ தப்பு இல்ல, வெல்டிங் தப்பு" என்றார்.

அம்பைக் கழற்றாதே, அப்படியே ஏணி டாக்டரிடம் போ என்று விரட்டினார். முதுகில் அம்போடு நான் சந்தைக் கடந்தபோது சிரிக்காத ஆள் இல்லை. மூன்றாவது படி ஆடியது. மேலே ஈ காக்கை இல்லை. டாக்டரம்மா தனியாக உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"காய் ஜாலா? என்னலே செய்யுது?"

சொன்னேன். வெண்டைக்காயை ஒதுக்கிவிட்டு, நான் முடிக்கிற வரைக்கும் கேட்டார். அப்புறம் முதுகைக் காட்டச் சொன்னவர், அம்பைப் பார்த்தார்.

"இதை யார் ஒட்டுனது?"

"எங்க செக்கர் பாய்."

"முழங்கால் பாயா? ஒண்ணும் இல்லாம வந்து, என் குப்பைக்கூடையவே முறைச்சுப் பாத்துட்டுப் போனாரே, அவரா?"

ஆமாம் என்றேன். ஸ்டெதஸ்கோப்பை அம்பு இருந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வைத்தார். கடைசியாக அங்கே வைத்தார். நகர்த்தினார். மறுபடி வைத்தார்.

"ரெண்டு விரல் கீழ ஒட்டிட்டார். மத்தபடி சரி."

சளி டெஸ்ட்டுக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது. டிபி. "ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள் விட்டே, ஏணியில இருந்து தள்ளிடுவேன்" என்றார். மாத்திரை எழுதினது மூன்றே மூன்று நிமிஷம், திட்டினது அரை மணி நேரம். முதல் தடவையாக எனக்குப் பயம் போனது.

பாயிடம் வந்து சொன்னேன். அவர் டிபியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு விரலா?" என்று மட்டும் கேட்டார். நாலு நாள் அதே நினைப்பாக இருந்தார். ஐந்தாம் நாள், "அவ செக்கருலே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

விஷயம் பட்டறையில் பரவியது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். "நீ ஊருக்குப் போயிரு. குணமானதும் வா" என்றார். போனால் என் இடத்துக்கு மறுநாளே ஆள் வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஊரில் நோயோடு போய் இறங்கினால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? மாத்திரை ஒரு நாள் கூட விடக்கூடாதே, அங்கே யாரைப் போய்த் தேடுவது? மேஜையிலிருந்து பாய் எழுந்து வந்தார்.

"மொதலாளி, ரீ-ஒர்க்ல இருக்குற சரக்கு கதவைத் தாண்டுமா?"

"தாண்டாது. அது நாம வச்ச ரூல்தானே."

என்னைப் பிடித்துத் திருப்பினார். அன்றைக்கும் அதே சட்டைதான், அம்பு அப்படியே இருந்தது. "இதுல எத்தனை அம்பு?"

"ஒண்ணு."

"ஒரு அம்புன்னா?"

"ரீ-ஒர்க்."

"அப்புறம் என்ன?"

முதலாளி என்னைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை. அவர் குழம்பி முடிப்பதற்குள், நான் படுத்துவந்த பட்டறை மூலையிலிருந்து பாய் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் கோலிக்கு நடந்துவிட்டார்.

காற்று வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அங்கே இருந்தது ஒரே ஜன்னல். அதை மறைத்து நின்ற ரிஜெக்ட் பைகளையெல்லாம் பாய் தன் படுக்கைப் பக்கம் மாற்றிவிட்டு, ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார். அவர் பைகளுக்கு நடுவில் காலை மடக்கிப் படுத்தார். தினமும் காலையில் மாத்திரைப் பட்டையை வாங்கித் திருப்பிப் பார்ப்பார், முதுகுப் பக்கத்துக் காகிதத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று. பிறகு என் நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்ப்பார். டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு, நான் மறுபடி பேக்கிங் மேஜைக்குப் போனேன். முதலாளி அப்போதும் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தார்.

இடையில் ஸ்டார்களை நான் மாற்றி அமுக்கினேன். பாய் தன் செலவில் ஆள் கூட்டி வந்து மூன்றாவது படியை வெல்டிங் வைத்து, அந்த அம்பை உரித்தார். ஆனால் கண்ணாடி கிளினிக் அம்புகளை உரிக்க மறுத்துவிட்டார். "கோளாறு அப்படியே இருக்க, அம்பை எடுத்தா அது களவு" என்றார். அதற்குப் பதிலாக, வாசல் அம்புக்குக் கீழே 'இது வழி அல்ல' என்று தமிழில் எழுதி வைத்தார். சந்தில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதுதான் டாக்டர் பெயர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனவர்களும் உண்டு.

ஆறு மாசம் முடிந்த அன்று ஏணியில் ஏறினேன். ஏணி நிறைய ஆட்கள். டாக்டரம்மா புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார், முதுகில் கேட்டார், முன்னால் கேட்டார். "ஒண்ணும் இல்ல. எந்திரிச்சுப் போ, வெளிய புள்ளைக நிக்கி" என்றார். இறங்கி வந்தேன். மூன்றாவது படி அசையவில்லை. கீழே பாய் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார், ஐந்து அம்பு ஒட்டிய பை.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அவர் நம்பவில்லை. நட்ட நடுச் சந்தில், மில்காரர் பார்க்க, என்னைத் திருப்பி முதுகில் காதை வைத்தார். இழு, விடு. இரண்டு விரல் மேலே நகர்ந்து மறுபடியும் கேட்டார்.

"பாஸா பாய்?"

காதை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள ஒரு தழும்பு இருக்கும். எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாது" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாலே. நாமளே வச்சுக்கிடுவோம்."

நான் அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்து அழுதேன். பாய் அதைப் பார்க்காதவர் போல, நான் முடிக்கிற வரைக்கும், பக்கத்தில் குனிந்து படியின் வெல்டிங்கைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.